உடைந்த எட்டு

2016 ஜனவரி 18, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. இருபத்தைந்து வயதில் டயறி எழுதத் தொடங்குகிறவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், எனக்கு இல்லை. அண்ணா தந்த புத்தகம் பதினெட்டு நாளாக மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. நல்ல தாள். வீணாக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அண்ணா றேமண்ட் ஒரு மருந்து ஏஜென்சியின் ஸ்டோரில் வேலை செய்கிறார். வருட முடிவில் அவர்கள் டொக்டர்மாருக்குக் கொடுக்கிற டயறி இது. அட்டையில் சிவப்பு இதயம். “டிகிரி முடிச்ச ஆக்களுக்கெண்டு ஸ்பெஷலா எடுத்தனான்” என்றார். ஸ்பெஷல் ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் முத்திரையை அடித்துப் பார்த்திருக்கிறார்கள். 08 2018. ஒருமுறை சரிந்து, கீழே இன்னொருமுறை நேராக. முதல் எட்டின் மேல் வளையம் வலது பக்கம் அறுந்து, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கழிவு டயறியை என் தலையில் கட்டிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

எட்டு மாதமாக ஒரு சனலில் வேலை. சிங்கள நாடகங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது. எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் செத்த யேசுரட்ணத்தின் கடைசி மகள். இன்னும் பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சத்தமாகச் சொல்ல முடியாமல் ஒரு தரிப்புத் தள்ளி இறங்கிக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி நடக்கிறவள். மற்றவர்கள் பேசுவதைக் கீழே எழுதினால் போதும் என்ற வேலை எனக்குப் பொருந்தும்.

ஜனவரி 24, ஞாயிறு

பூசை முடிந்து அம்மாவும் நானும் வெள்ளவத்தைக்கு, அக்கா வீட்டுக்கு. பிறிஜெற் அக்காவுக்குக் கலியாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு இப்போது நாலாம் மாதம். மாடிப்படி இறங்கக்கூட அத்தான் விடுவதில்லை.

மாலை ஆறரைக்கு என் புதிய நாடகத்தின் முதல் பகுதி. பெயர் ‘உள்வீடு’. செத்தவர்களை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்கிற மலர்ச்சாலை ஒன்றை நடத்துகிற சாதுவான ஒரு மனிதன். சவப்பெட்டிக்கு உள்ளே திருட்டுச் சாமான் கடத்துகிறான். அவனுடைய மனைவியின் அண்ணன்தான் அந்த ஊர் இன்ஸ்பெக்டர். ஞாயிறுதோறும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். பார்க்கிற நமக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது.

கிளெமென்ற் அத்தான் நிஜ சப் இன்ஸ்பெக்டர். பொலிஸ்காரனைப் பொலிஸ் நாடகத்துக்கு முன்னால் இருத்தக் கூடாது.

“தன்ர மேசையில இருந்து தின்னுறவனைத் தெரியாதவன் என்ன இன்ஸ்பெக்டர்? இவனுக்கெல்லாம் ஆர் ஸ்டார் குத்தினது?”

“உங்களுக்குத் தெரிஞ்சிடுமோ?” என்றாள் அக்கா.

“எனக்கு மூக்கு இருக்கு.”

அந்த நேரம் பார்த்து அண்ணா வேலையால் நேரே வந்து அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா முகத்தைச் சுளித்தாள். “என்னடா மணம் இது? நகத்துக் கியூடெக்ஸ் அழிக்கிற தண்ணி மாதிரி.”

“அதுதான் அது” என்றார் அத்தான். “மச்சானுக்கு ஒரு கியூடெக்ஸ்காரி மாட்டியிருக்கிறா. கையைப் பிடிச்சா மணம் ஒட்டும்தானே.”

எல்லோரும் சிரித்தோம். அண்ணா காது சிவந்து தலை குனிந்தார். அம்மா மட்டும் தீவிரமாக, “கத்தோலிக்கப் பிள்ளையோ?” என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

முடிவில் பெயர்கள் ஓடின. அம்மா கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு தமிழ் எழுத்துக்காகக் காத்திருந்தார். ‘தமிழ் வடிவம்: ஒஸ்வால்ட்’ என்று போனது. அது எங்கள் பிரிவுத் தலைவர்.

“உன்ர பேர் எப்ப வரும்?”

“அடுத்த முறை, அம்மா.”

ஜனவரி 26, செவ்வாய்

ஒஸ்வால்ட் சேர் கூப்பிட்டார். இரண்டாம் பகுதியில் இருபத்திரண்டு இடத்தில் ‘மச்சான்’ என்று எழுதியிருக்கிறேனாம்.

“ஒரு வரிக்கு முப்பத்திரண்டு எழுத்து, ரெண்டு வரி. உறவுமுறை எல்லாத்தையும் வெட்டு, பிள்ளை. பார்க்கிறவனுக்கு ஆர் ஆரெண்டு முகத்தில தெரியும்.”

இன்ஸ்பெக்டர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, ஒவ்வொரு வசனத்திலும் ‘மஸ்ஸினா’, சிங்களத்தில் மச்சான், என்றுதான் கூப்பிடுகிறார், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் — இவ்வளவையும் மனதுக்குள் சொன்னேன். வாயால் சொன்னது: “சரி, சேர்.”

இருபத்திரண்டையும் வெட்டினேன்.

பெப்ரவரி 10, விபூதிப் புதன்

காலைப் பூசையில் அம்மா, அண்ணா, நான் மூன்று பேரும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம்.

அண்ணாவைப் பற்றி எழுத வேண்டும். அப்பா செத்தபோது அவர் ஓ.எல். சோதனை எழுதக் காத்திருந்தவர். எழுதவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. ரியூசனுக்குச் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோய் விடுவார். வகுப்பு முடியும்வரை ரோட்டோரம் நிற்பார். வீட்டுக்கு வந்ததும், “இண்டைக்கு என்ன படிப்பிச்சவங்கள், சொல்லு” என்பார். நான் சொல்வேன். அப்படித்தான் அவரும் ஏ.எல். வரைக்கும் படித்தார். பட்டமளிப்பன்று கறுப்பு அங்கியை வாங்கித் தன் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, “கனக்குதடி” என்றார்.

ஒரே காட்சியை நாற்பது முறை ஓட்டிப் பார்க்கிற வேலை கெட்ட பழக்கத்தைத் தந்துவிட்டது. வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். இன்று அண்ணா கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபோது பெருவிரல் நுனியில் தோல் வெளிறி உரிந்து, நகத்தடியில் ஊதா.

கியூடெக்ஸ்காரி ஊதா பூசுகிறவளாக்கும்.

பெப்ரவரி 28, ஞாயிறு

‘தமிழ் வடிவம்: ஒஸ்வால்ட்.’ அம்மா இப்போதெல்லாம் கேட்பதில்லை. கதிரையை மட்டும் இழுத்துப் போடுகிறார்.

மார்ச் 9, புதன்

ஷபீகா வரவில்லை. பக்கத்து மேசை. எனக்கு ஒஃபிஸில் இருக்கிற ஒரே சிநேகிதி. தங்கச்சி பஹ்மியாவுக்கு வலிப்பு வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். நாலு வருடமாக வராத வலிப்பு.

மார்ச் 11, வெள்ளி

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஷபீகா வாட் வாசலில், செருப்பு இல்லாமல் நின்றாள். செருப்பு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஒரு வலிப்பு இல்ல ஐறீன். ஒண்டு முடிய முந்தி மத்தது. முக்கால் மணித்தியாலம் நிக்கல்ல. டொக்டர் கேக்குறாரு, மருந்து ஒழுங்கா குடிச்சாளாண்டு. குடிச்சா. நாந்தான் ரெண்டு நேரமும் கையில வெச்சி குடுக்கிற. என்னய நம்புறாங்க இல்ல.”

பஹ்மியாவுக்குப் பதினெட்டு வயது. ஓகஸ்டில் ஏ.எல். எழுத இருந்தவள். குழாய்களுக்கு நடுவே சின்னதாகக் கிடந்தாள்.

டொக்டர் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ஷபீகா இரண்டு முறை எழுதி வெட்டினாள். பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்து, “நீ எழுது” என்றாள். பாமன்கடையில், அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பாமசியில் வாங்கியது. வெள்ளித் தாளைத் திருப்பினேன்.

காலாவதித் திகதி ஊதா மையில். 08 2018.

முதல் எட்டின் மேல் வளையம் வலது பக்கம் அறுந்திருந்தது.

மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மிச்சக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம், வேறு இடத்தில் வாங்கு என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அட்டை என் கையோடு வந்துவிட்டது.

மார்ச் 12, சனி

ரப்பர் முத்திரை எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். எட்டு எல்லாம் உடையும். இல்லையா? உடையாதா?

மார்ச் 15, செவ்வாய்

அம்மாவின் பிரஷர் குளிசை டப்பாவைத் திறந்து பார்த்தேன். இது அண்ணா கொண்டுவருவது. ஏஜென்சியில் ஆட்களுக்குச் சும்மா கிடைக்கும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கடவுளே, அம்மாவுமா என்று அட்டையைத் திருப்பினேன்.

இல்லை. திகதி கறுப்பில், மெஷினில் அடித்தது. டப்பாவின் அடியில் மடித்த பில்கள். புறக்கோட்டையில் பெரிய பாமசி. மாதம் தவறாமல்.

நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் இதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது. மருந்து ஸ்டோரில் வேலை செய்கிறவர், தாய்க்கு மட்டும் வெளியில் போய் வாங்குகிறார்.

மார்ச் 29, செவ்வாய்

பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு எல்லாம் போயின. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பொய் சொன்னதை, கோபப்பட்டதைச் சொல்லிவிட்டு வந்தேன். ஆருடைய பாவத்தைச் சொல்லுறது? அண்ணா எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார்.

இன்று அம்மா செவ்வாய் நவநாளுக்குக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கதைக்க வராது. டயறியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு மேலே பஹ்மியாவின் அட்டை.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே பார்த்தார்.

“இது எங்க எடுத்தனி?”

“களுபோவில ஆஸ்பத்திரியில.”

பிசைந்த சோறு விரலில் காய்ந்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். திகதி முடிந்து எரிக்கிறதுக்கென்று ஒதுக்கி வைக்கிற மருந்துப் பெட்டிகள். பழைய திகதியை அந்தக் கியூடெக்ஸ் தண்ணீரால் அழித்துவிட்டு, முத்திரையால் புதியது. “குளிசை என்ன, பாலா திரையிறதுக்கு? கம்பனிக்காரன் தன்னைக் காப்பாத்த ஒரு திகதி போடுறான். அடுத்த நாளே விசமாகிடுமோ? சனத்துக்கு மலிவாக் கிடைக்குது. இவ்வளவு நாளும் ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை.”

“அப்ப அம்மாவுக்கு ஏன் பாமசியில வாங்குறீங்கள்?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணாவிடம் எதிர்க்கேள்வி கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

அவர் எழும்பினார். தட்டைக் கொண்டுபோய்க் கழுவினார். நான் பிறந்ததிலிருந்து அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவி, துணியால் துடைத்து, கவிழ்த்து வைத்தார்.

“நிப்பாட்டுங்கோ அண்ணா.”

“நான் தனி ஆள் இல்லை, நிப்பாட்டுறதுக்கு.”

“நான் அத்தானிட்டச் சொல்லுவன்.”

“சொல்லன்.”

பயமே இல்லாமல் சொன்னார். அந்த அமைதி எனக்கு விளங்கவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

இப்போது விளங்குகிறது.

அக்காவும் அம்மாவும் உள்ளே குழந்தைச் சட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் பல்கனியில் காற்சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார். டயறியைக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்து வந்திருந்தேன், பாதியில் மறந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு எல்லாம் விளங்கியது. அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தையும் குளிசை அட்டையையும் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். பொலிஸ்காரன் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, இனி இது என் பாரம் இல்லை என்று நினைத்தேன்.

“முட்டாள்” என்றார். “அடிச்சுப் பார்க்க வேற தாள் கிடைக்கேல்லையே இவனுக்கு.”

டயறியை மூடி என் கையில் வைத்தார்.

“இந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிட்டு மிச்சத்தில எழுது. நல்ல தாள்.”

“உங்களுக்கு... முந்தியே தெரியுமா?”

“பதினாறு வருசம் பொலிஸ். அந்த மணம் என்ர வீட்டுக்குள்ள வந்த அண்டைக்கே தெரியும். உங்கட அக்கா கேட்டா, நான் கெதியா ஒரு கியூடெக்ஸ்காரியை உண்டாக்கிக் குடுத்தன். எல்லாரும் சிரிச்சீங்கள்.”

நாங்கள் சிரித்தோம். அம்மா, கத்தோலிக்கப் பிள்ளையோ என்று கேட்டார்.

“அத்தான், நீங்கள் பொலிஸ்.”

“நான் முதல்ல மச்சான், பிறகுதான் பொலிஸ். பொலிஸ் வேலைக்குப் பென்சன் இருக்கு, ஒருநாள் விடலாம். மச்சான் வேலை சாகுமட்டும்.” அயனைத் திரும்ப எடுத்தார். “அக்காவுக்கு ஏழாம் மாசம். அவளின்ர தம்பிக்கு நான் விலங்கு போட்டா என்ன நடக்குமெண்டு யோசிச்சனியா? ஏழு வருசம் காத்திருந்த பிள்ளை.”

“மற்றப் பிள்ளை?”

“எந்தப் பிள்ளை?”

பஹ்மியாவின் பெயரைச் சொல்லியிருந்தேன். இரண்டு முறை.

அக்கா வாசலுக்கு வந்து, “என்ன ரெண்டு பேரும் ரகசியம்?” என்றாள்.

“உன்ர தங்கச்சி நாடகம் எழுதப் போறாவாம். கதை கேட்டு வந்திருக்கிறா” என்றார் அத்தான். காற்சட்டையின் மடிப்புக் கத்தி மாதிரி நேராக இருந்தது.

ஏப்ரல் 5, செவ்வாய்

கிழிக்கவில்லை. ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு கிழிந்திருக்கிறது. அது நான்தான்.

ஏப்ரல் 8, வெள்ளி

அண்ணா இரவல் கொடுத்த அங்கி மாதிரி இருக்கிறது இந்தப் படிப்பு. “கனக்குதடி.”

இந்த நேரம் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்தக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்குகிறார்கள்? நான் இங்கே எழுத்து அழகாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 19, செவ்வாய்

‘உள்வீடு’ கடைசிப் பகுதிக்கு எழுதினேன். இன்ஸ்பெக்டர் மலர்ச்சாலை வாசலில் நிற்கிறார். இத்தனை கிழமையும் மஸ்ஸினா, மஸ்ஸினா என்று கூப்பிட்டவர், முதல் தடவையாக அவனுடைய முழுப் பெயரையும் சொல்கிறார், நீதிமன்றத்தில் வாசிக்கிற மாதிரி. அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அந்தப் பார்வையிலேயே எல்லாம் முடிகிறது. இதற்காகத்தான் டிரெக்டர் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருக்கிறார். பிறகு இன்ஸ்பெக்டர், “இனி நான் உன்ர மஸ்ஸினா இல்லை” என்கிறார்.

நான் அதைத் தமிழில் எப்படி எழுதுவது? தமிழில் பார்க்கிறவர்களுக்கு அவர் ஒருநாளும் மச்சானாக இருக்கவில்லையே. எல்லாவற்றையும் நான்தான் வெட்டினேன். இல்லாத ஒன்றை இல்லை என்று சொன்னால் யாருக்கு வலிக்கும்?

ஒஸ்வால்ட் சேரிடம் போனேன். “இதில மட்டும் மச்சானெண்டு எழுது. இடம் இருக்கு” என்றார்.

ஷபீகாவின் மேசை ஆறு கிழமையாகக் காலி. அதில் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 24, ஞாயிறு

வெள்ளவத்தையில் எல்லோரும், கடைசிப் பகுதி பார்க்க. போகாமல் இருக்க ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணா அத்தானுக்குப் பக்கத்தில். அந்த மணம் இல்லை. எலுமிச்சை சவர்க்கார மணம். நான் சொன்ன பிறகு நன்றாகக் கை கழுவுகிறார் போலும். அவ்வளவுதான் என்னால் நடந்தது.

விலங்கு போடுகிற காட்சியில் அக்கா கண்ணைத் துடைத்தாள். “பாவம். இப்பிடியும் ஒருத்தன் செய்வானோ, சொந்த மச்சானுக்கு” என்றாள்.

“நாடகத்தில செய்வான்” என்றார் அத்தான். ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார்.

அம்மா கதிரையை இழுத்துக்கொண்டிருந்தார். “ஏன் நிப்பாட்டினீங்கள் தம்பி? பிள்ளையின்ர பேர் வரும்.”

“வராது மாமி. இத்தனை நாளும் வந்ததே?”

அண்ணா மட்டும், “போடுங்கோ அத்தான். பார்ப்பம்” என்றார். போட்டபோது விளம்பரம் ஓடியது.

ஏப்ரல் 25, திங்கள்

என் பெயர் நேற்று வந்ததாம். கடைசிப் பகுதி என்று ஒஸ்வால்ட் சேர் பெரிய மனதோடு போட்டிருக்கிறார். ‘தமிழ் வடிவம்: ஒஸ்வால்ட், ஐரின்.’ என் பெயரை அவருக்குச் சரியாக எழுதத் தெரியவில்லை.

மே 4, புதன்

பஹ்மியாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாமன்கடைக்குப் போனேன். நடக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் சொற்கள் போய்விட்டன. ரசாயனம், பௌதிகம் எல்லாம் அல்ல — கரண்டி, யன்னல், வெள்ளிக்கிழமை.

ஷபீகா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பஹ்மியா திரும்பி அவளைப் பார்த்து, மிகவும் மரியாதையாக, “போதும் மிஸ்” என்றாள்.

“ராத்தாண்டு சொல்லு மகள். நான் உன்ட ராத்தா. ஒனக்கு மூத்தவ.”

“சரி மிஸ்.”

ஷபீகா சீப்பை நிறுத்தவில்லை. கடைசி முடிச்சு எடுபடும்வரை வாரினாள். பிறகு குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போய், டயறியைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அட்டையையும். யாருடைய டயறி, யார் தந்தது என்று சொன்னேன். கோவையாகத்தான் சொன்னேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

குழாயை மூடினாள்.

“எப்ப தெரியும் ஒனக்கு?”

“மார்ச் பதினொண்டு.”

விரலில் எண்ணினாள். எட்டுக் கிழமை. எண்ணி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அறைந்திருக்கலாம்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றாள். ஊற்றித் தந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். படி இறங்கும்போது பின்னால் குரல் வந்தது. “நீ வராட்டியும் நான் பொலிஸுக்குப் போற. அந்தப் பக்கத்த மட்டும் தா.”

“நான் வாறன்.”

மே 11, புதன்

போனோம். அத்தானின் நிலையத்துக்கு அல்ல. அவருக்கு மேலே இருக்கிறவர்களின் அலுவலகத்துக்கு. அங்கே இருந்த அதிகாரி மரியாதையானவர். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன், அவர் எழுதினார். தலைகீழாக வாசிப்பது எனக்குப் பழக்கம். நான் ‘மகே அய்யா’, என் அண்ணா, என்று சொன்னேன். அவருடைய பேனா ‘சந்தேகநபர்’ என்று எழுதியது. நான் ஒவ்வொரு முறையும் ‘மகே அய்யா’ என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் சந்தேகநபர் என்றே எழுதினார். ‘என் அக்காவின் கணவர்’ என்றேன். ‘இரண்டாம் சந்தேகநபர்’ என்றார். நிமிர்ந்து பார்த்து, “சப் இன்ஸ்பெக்டரா?” என்று இன்னொருமுறை கேட்டுக்கொண்டார்.

எல்லாம் எழுதி முடித்து டயறியைப் புரட்டினார். முழுவதும் தமிழ்.

“பக்கத்தை மட்டும் கிழித்தால் செல்லாது. முழுப் புத்தகமும் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புவோம். நாளைக்குக் கொண்டு வாருங்கள்.”

‘ஐறீன்’ என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் ஷபீகா என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. ரோட்டைக் கடக்கும்போது மட்டும் என் சாறி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

மே 12, வியாழன்

காலையில் அண்ணா குழாயடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். நேற்று இரவே அவரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் இல்லை.

“இண்டைக்கோ குடுக்கப் போறாய்?”

“ஓம்.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கழுத்தில் நுரை.

“குடையைக் கொண்டு போ. பின்னேரம் மழை பெய்யும்.”

அலுவலக வாசலில் மரவாங்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. டயறியில் பாதிக்கு மேல் வெறும் தாள். நல்ல தாள்.

இதைச் சிங்களத்தில் எழுதப் போகிறவருக்கு:

உங்களை எனக்குத் தெரியாது. நானும் உங்கள் தொழில்தான். உங்களுக்கும் நேரம் குறைவு, இடம் குறைவு, மேலே ஒரு சேர் இருப்பார் என்று தெரியும். நான் எழுதியதில் எதையும் மென்மையாக்க வேண்டாம். கியூடெக்ஸ் மணம், எரிக்க வைத்த பெட்டிகள், அம்மாவின் பில்கள், நான் வாயை மூடிக்கொண்டிருந்த எட்டுக் கிழமை — எல்லாம் அப்படியே இருக்கட்டும். கடைசிப் பக்கத்து ஓரத்தில் உள்ள கிழிசலையும் குறிப்பிடுங்கள்.

கேட்பதா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்து, இறுதியில் கேட்கிறேன். ஒன்றே ஒன்று. நான் ‘அண்ணா’ என்று எழுதிய இடத்தில் எல்லாம் ‘அய்யா’ என்றே எழுதுங்கள். சந்தேகநபர் என்று மாற்றாதீர்கள். இடம் போதாவிட்டால் என் பெயரை வெட்டிவிடுங்கள்.